சிறப்புக் கல்வி வந்த வழி

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது யாம் தயங்கினோம். யாம் புலவர் அல்லோம், பேராசிரியரும் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்த குமாஸ்தாக்களுள் ஒருவரே. ஆயினும் ஒரு பொருளைக் குறித்து, நூல்களைப் படித்தும், அலுவலக வாயில்களில் நின்றும், பெரியோரைக் கேட்டும் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டிய நிலை எமக்கு நேர்ந்தது. அப்பொருள், கண்ணிலோ செவியிலோ, கையிலோ காலிலோ, கற்கும் ஆற்றலிலோ குறையுடைய குழந்தைகளுக்கு நாடு கல்வி தரும் முறையாகும். அதனைச் சிறப்புக் கல்வி என்பர். அது வந்த வழியை வரலாற்று முறையில் இங்கே கூற முற்படுகின்றோம். அன்பர்கள் பிழை பொறுத்துப் பயன் கொள்வார்களாக.

நம் முன்னோரிடையே

குறையுடையோர் கற்பது மேனாட்டார் நமக்குக் காட்டிய புதுமை என்று எண்ண வேண்டுவதில்லை. தமிழுலகில் இரட்டைப் புலவர் என்பார் இருவர் இருந்தனர். இளஞ்சூரியர், முதுசூரியர் என்பன அவர்தம் பெயர்கள். ஒருவருக்குக் கால் இல்லை. மற்றவருக்குக் கண் இல்லை. கண்ணில்லாதவர் தோளிலே காலில்லாதவர் அமர்ந்து வழி காட்ட, ஊர் ஊராகச் சென்று இருவரும் சேர்ந்தே கவி பாடினர் என்பது வழிவழி வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் இயற்றியவை.

அவர்களுக்குப் பிற்பட்டவர் 17ஆம் நூற்றாண்டில் தொண்டைநாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே கண்ணொளி இழந்த இவருக்கு, முதுகிலே எழுத்துகளை எழுதிக் காட்டிக் கல்வி கற்பித்தனர் என்று கூறுவர். சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம் முதலியன இவர் பாடியவை. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரோ மூன்று வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். அவரும் கேள்வியறிவாலேயே பெரும்புலவராகி, இராமநாதபுரம் அரசவையில் சிறப்புப் பெற்றார்.

இவற்றைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இவற்றில் ஒரு குறையும் உண்டு. இவர்கள் கற்றது, அன்புடைய தந்தையோ அறிவுடைய ஆசிரியரோ வாய்த்த நற்பேற்றினால். அத்தகைய ஆசிரியர் வாய்க்காத பிள்ளைகள் எத்துணைப் பேர் திண்ணையிலும் கோயில் வாயிலிலும் தம் வாழ்நாளைக் கழித்தனரோ, அவர்களுக்குக் கணக்கு ஏது? நற்பேற்றினால் ஒருவருக்குக் கிட்டியதை உரிமையினால் அனைவருக்கும் கிட்டுமாறு செய்த முயற்சியே சிறப்புக் கல்வியின் வரலாறாகும்.

பாரிசும் பாளையங்கோட்டையும்

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசு நகரத்தில் இரண்டு பள்ளிகள் தோன்றின. செவி கேளாத குழந்தைகளுக்கு லெப்பே என்னும் பாதிரியார் சைகை மொழி வழியாகக் கற்பித்தார். பார்வையற்றோருக்கு வாலந்தேன் ஆவி என்பார் மேடெழுந்த எழுத்துகளைக் கொண்டு பள்ளி நடத்தினார். அவர் நிறுவிய பள்ளியில் பின்னாளில் மாணவராகச் சேர்ந்தவரே லூயி பிரெய்ல். 1809இல் பிறந்து 1852இல் மறைந்த இவர், ஆறே புள்ளிகளைப் பலவாறு அமைத்து 63 குறிகளை ஆக்கும் முறையைத் தம் இளமையிலேயே கண்டறிந்தார். விரல் நுனியால் படிக்கும் எழுத்து உலகிற்குக் கிடைத்தது.

இந்தியாவில் இம்முயற்சி 1880களில் தொடங்கியது. செவி கேளாதோர்க்குப் பம்பாயில் ஒரு பள்ளி எழுந்தது. 1887இல் ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் பார்வையற்றோர்க்கு அமிர்தசரசில் ஒரு பள்ளி தொடங்கினார். அது 1903இல் தேராதூனை அடுத்த ராஜ்பூருக்கு மாறியது. கல்கத்தாவில் 1893இல் செவி கேளாதோர் பள்ளி அமைந்தது.

நம் திருநெல்வேலிச் சீமை இதில் பின்தங்கவில்லை. பாளையங்கோட்டையில் 1890இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அதே ஊரில் அதே பத்தாண்டிலேயே ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவி கேளாதோர் பள்ளியை நிறுவினார். இரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. நூறாண்டைக் கடந்த இவ்விரு பள்ளிகளிலும் படித்து, தொழில் கற்று, குடும்பத்தைத் தாங்கியவர் பலர். நம் சங்கத்திலேயே நெல்லைச் சீமையைச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அப்பள்ளிகளை அவர்கள் அறிந்திருப்பர்.

பிரெய்ல் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தொடக்கத்தில் இந்திய மொழிகளுக்கு ஆங்காங்கே வெவ்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கின. ஒரு பள்ளியின் புத்தகம் மற்றொரு பள்ளிக்குப் பயன்படவில்லை. விடுதலைக்குப் பின் 1951இல் பாரதி பிரெய்ல் என்னும் பொது முறை ஏற்கப்பட்டது. இதன்படி ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே குறி. தமிழின் ‘க’வுக்கும் இந்தியின் ‘க’வுக்கும் புள்ளிகள் ஒன்றே. கண்ணுடைய நம் பிள்ளைகள் இந்தத் தில்லியில் மூன்று வரிவடிவங்களோடு போராட, பார்வையற்ற பிள்ளை தமிழுக்கும் இந்திக்கும் ஒரே எழுத்தைத் தடவிப் படிக்கின்றது. எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது.

இத்தலைநகரிலும் 1944இல் பார்வையற்றோர் நலச் சங்கம் தோன்றிப் பள்ளி நடத்தியது. கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தும் கல்லூரிப் பட்டம் பெற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் 1955இல் இந்தியாவுக்கு வந்து, தில்லியில் பிரதமர் நேருவைக் கண்டார்.

தனிப் பள்ளியிலிருந்து பொதுப் பள்ளிக்கு

இதுகாறும் கூறியவை எல்லாம் தனிப் பள்ளிகள். குறையுடைய பிள்ளைகளை ஒரு சுவருக்குள் ஒன்றுசேர்த்துக் கற்பிப்பது அவற்றின் முறை. அவை செய்த தொண்டு பெரிது. ஆயினும் நாட்டிலுள்ள ஊர்கள் எத்தனை! தனிப் பள்ளிகள் எத்தனை! பாளையங்கோட்டைக்குப் போகக்கூடிய பிள்ளை ஒன்று என்றால், வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் பலர். மேலும், பத்து ஆண்டுகள் தனியே வளர்ந்த பிள்ளை பின்னர் ஊராரோடு கலந்து வாழ்வது எளிதன்று. ஊராருக்கும் அப்பிள்ளையோடு பழகத் தெரியாது.

ஆகவே பொதுப் பள்ளியிலேயே இவர்களுக்கும் இடம் வேண்டும் என்ற கருத்து மெல்ல எழுந்தது. 1944இல் வெளிவந்த சார்ஜென்ட் அறிக்கை, குறையுடையோர் கல்வி நாட்டுக் கல்வியின் ஒரு கூறாதல் வேண்டும் என்றது. டி.எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கல்விக் குழு, கூடுமானவரை இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலேயே சேர்த்துக் கற்பிக்குமாறு பரிந்துரைத்தது. 1974இல் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. 1987இல் யுனிசெப் துணையோடு மற்றொரு திட்டம் சில இடங்களில் நடத்திப் பார்க்கப்பட்டது. அவ்விடங்களுள் தமிழ்நாடும் ஒன்று. தில்லி மாநகராட்சியும் ஒன்று. பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை அறிந்தபொழுது எமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

இடையில் தாய்மார்களும் தொண்டர்களும் தாமே முன்வந்தனர். மூளை முடக்குவாதமுற்ற மகளைப் பெற்ற மிது ஆலூர் 1972இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கினார். 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய அமைப்பு இன்று வித்யாசாகர் என்ற பெயரில் விளங்குகிறது. 1981இல் உமா துலி அமைத்த அமர்ஜோதி என்னும் அறநிலையம், நம் மயூர் விஹாருக்கு அண்மையிலுள்ள கர்கர்டூமாவில் இருக்கின்றது. குறையுள்ள பிள்ளைகளையும் குறையில்லாப் பிள்ளைகளையும் சம எண்ணிக்கையில் ஒரே வகுப்பில் அமர்த்துவது அப்பள்ளியின் கொள்கை. இரட்டைப் புலவர் வாழ்ந்து காட்டியதை அவர்கள் வகுப்பறையில் செய்துகாட்டினர் எனலாம்.

சட்டங்களின் வரிசை

கருத்து ஒன்று, சட்டம் வேறு. கருத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போகலாம்; சட்டத்தை அவ்வாறு தள்ள இயலாது. கோப்புகளோடு வாழும் எமக்கு இதன் அருமை தெரியும்.

1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்தது. சிறப்பாசிரியர் என்போர் முறையாகப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால் ஏற்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்து, குறையுடைய குழந்தைகள் 18 வயது வரை கட்டணமின்றிக் கற்க வழி செய்தது. ஆனால் அச்சட்டம் ஏழு வகைக் குறைகளையே பெயர் சொல்லி ஏற்றது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், தற்புனைவு நோய், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல குறைகள் ஒருங்கே அமைதல் ஆகியவற்றை உடையோரின் நலத்தைக் கருதியது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது.

எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2009இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதில் இக்குழந்தைகளின் உரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகே தெளிவுபெற்றது. இறுதியாக 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. ஏழாக இருந்த வகை இருபத்தொன்றாயிற்று. பள்ளிகள் வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறையுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அண்மைப் பள்ளியிலோ தனிப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்றும் அது கூறுகிறது.

சொல்லும் மாறியது. பழைய ஏடுகளில் இவர்களைக் குறித்த சொற்களை இன்று வாயால் சொல்லக் கூசுகின்றோம். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் தமிழ்நாட்டு அரசு வழக்காயிற்று. சொல் மாறினால் துன்பம் மாறிவிடுமா என்று கேட்பார் உண்டு. மாறாதுதான். ஆனால் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கும் ஊர், ஒருநாள் அதனை விளையாடவும் அழைக்கும் அன்றோ?

தலைநகரில் நிகழ்ந்தது

சட்டம் இருந்தும் ஆசிரியர் இல்லையென்றால் என்ன பயன்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, சோஷியல் ஜூரிஸ்ட் என்னும் வழக்கறிஞர் அமைப்பு தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2009 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தில்லி அரசு, மாநகராட்சி ஆகியவற்றின் பள்ளி ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர் இருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரே இந்நகரப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் என்னும் பதவி பரவலாக வேரூன்றியது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் நலிந்த பிரிவினருக்கென ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுள் 3 விழுக்காடு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உரியதாயிற்று. அவ்விடங்கள் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன.

உச்சநீதிமன்றமும் 2021 அக்டோபர் 28ஆம் நாள் ஒரு தீர்ப்பில் கணக்கை வரையறுத்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் பதின்மருக்கு ஒரு சிறப்பாசிரியர்; அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைவருக்கு ஒருவர். 2025 மார்ச்சில், இதற்கான நிலையான பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது. மீண்டும் ஆணையிட நேர்ந்தது என்பதிலிருந்தே நிலைமையை அன்பர்கள் உணரலாம்.

எம் இல்லத்துச் செய்தி

இப்பொருளில் எமக்கு ஈடுபாடு வந்த காரணத்தை இனிச் சொல்லல் வேண்டும். எம் இளைய மகன் ஐந்து வயதில், தில்லியிலிருந்து சென்னை வரை புகைவண்டி நிற்கும் ஊர்களை ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இட்டார்சி, நாகபுரி என்று வரிசை பிறழாமல் ஒப்பிப்பான். வண்டி எண்களைச் சொன்னால் பெயர் சொல்வான். உறவினர் கேட்டு மகிழ்வர். ஆனால் இரண்டாம் வகுப்பு முடிந்தும் அவனால் ஒரு வரி படிக்க இயலவில்லை. எழுத்துகள் திரும்பி நின்றன, இடம் மாறின. பக்கத்து எழுத்தைப் பார்த்து எழுதுகையிலேயே பிழை வந்தது.

அவன் படித்த பள்ளியினர் எம்மை அழைத்து, பையன் சோம்பேறி என்றனர்; பின்னர் வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றனர்; இறுதியில், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றனர். உண்மையை மறைக்காது சொன்னால், யாமும் அவனை அடித்திருக்கின்றோம். ஊர்ப்பெயர் நாற்பதை ஒப்பிக்கிறவனுக்கு நான்கு எழுத்து ஏன் வரவில்லை, வேண்டுமென்றே செய்கிறான் என்று எண்ணினோம். இன்று அதனை நினைத்தால் கை நடுங்குகின்றது.

பின்னர் அவனை வேறொரு பள்ளியில் சேர்த்தோம். அங்கே வாரத்தில் இரு நாள் வந்த சிறப்பாசிரியை ஒருவர், ஒரு மாதம் அவனைப் பார்த்துவிட்டு எம்மை அழைத்தார். “இவன் அறிவில் குறைவில்லை, எழுத்து இவன் கண்ணுக்கு நிலையாக நிற்பதில்லை. இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர்” என்றார். மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதச் செய்தார். ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுத வேண்டும். உள்ளங்கையில் எழுத்தை எழுதி, இது என்ன என்று கேட்டார். அமெரிக்காவில் 1930களில் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் கில்லிங்காம் என்னும் ஆசிரியையும் வகுத்த வழியில் வந்த முறை அது என்று பின்னர் அறிந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த எம் தாயார் இதைக் கேட்டுவிட்டு, “நாங்கள் அரிசியில் எழுதிப் படித்தோமே, அதுதானேடா இது?” என்றார். அந்தகக்கவியின் முதுகில் எழுதிய அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரை யாம் அன்று நினைத்துக்கொண்டோம்.

கற்றல் குறைபாடு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகையுள் இல்லை; 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொன்றில் உண்டு. எம் மகன் சில ஆண்டுகள் முன்பு பிறந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அவன் சோம்பேறியாகவே இருந்திருப்பான். வரலாறு என்பது அரசர் பெயர்ப்பட்டியல் என்று பள்ளியில் கற்றோம். ஒரு சட்டத்தில் ஒரு வரி சேர்வதும் வரலாறே என்பதை அன்று உணர்ந்தோம்.

மொழியென்னும் சிக்கல்

இனிக் கூறுவது நம்மைப் போல் அயல்மண்ணில் வாழ்வோர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. கற்றல் குறைபாட்டைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை உண்டு. பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே சோதிப்பர். எம் மகனைச் சோதித்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும். வீட்டில் அவன் பேசுவது தமிழ். தெருவில் பேசுவது இந்தி. புத்தகம் ஆங்கிலம். படிக்காததற்குக் காரணம் குறைபாடா, அல்லது மொழி மாற்றமா என்று எப்படி அறிவது? சோதித்த அம்மையார் நல்லவர். வீட்டு மொழியிலும் அவனுக்கு எழுத்து வருகிறதா என்று கேட்டார். தமிழ் எழுத்தும் அவ்வாறே திரும்பி நிற்பதை எம் மனைவி எழுதச் செய்து காட்டியபின்னரே அவர் முடிவுக்கு வந்தார். அவர் கேளாதிருந்தால்?

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது நிகழ்ந்திருக்கிறது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பதின்மரை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சிக் குறையுடையோர் வகுப்பில் வைத்தனர். அவர்கள் வீட்டு மொழி ஸ்பானியம். அம்மொழியில் மீண்டும் சோதித்தபொழுது பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவர் அல்லர் என்பது வெளிப்பட்டது. டயானா வழக்கு எனப்படும் அவ்வழக்கு 1970இல் முடிந்தது. 1975இல் அந்நாடு இயற்றிய சட்டம், குழந்தையை அதன் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்றே விதித்தது. அச்சட்டம் வேறொன்றையும் செய்தது. பொதுப் பள்ளிகளை நடத்தும் ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மீண்டும் ஆராய வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெற்றோருக்கும் நாற்காலி உண்டு. நம் நாட்டுச் சிறப்பாசிரியர்களும் இத்தகைய திட்டம் எழுதப் பயிற்சி பெறுகின்றனர். ஆனால் அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பெற்றோரை யாம் அதிகம் கண்டதில்லை. யாமே நான்கு ஆண்டுகள் கேட்டதில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால், “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்” என்று சிலர் அறிவுரை கூறுவர். எமக்கும் கூறினர். சில மாதம் அவ்வாறே செய்தோம். பாட்டியோடு பேச முடியாமல் பையன் ஊமையானான், படிப்பும் வரவில்லை. பின்னர் சிறப்பாசிரியை அது தேவையில்லை என்று சொன்னபின் தமிழ் வீட்டுக்குத் திரும்பியது. பேச்சு வேறு, எழுத்து வேறு. எழுதுவதில் இடர்ப்படும் பிள்ளைக்குப் பேசும் மொழியையும் பறிப்பது, நொண்டுகிறவன் கைக்கோலைப் பிடுங்குவதை ஒக்கும்.

தெரிந்திருக்க வேண்டியவை

நம் குடும்பங்களுக்குப் பயன்படும் பொருட்டுச் சில செய்திகளைத் தொகுத்துரைக்கின்றோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்தும் தேர்வுகளில் இம்மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி கூடுதலாக உண்டு. சொல்வதை எழுதுவோரின் துணையும் உண்டு. மொழிப் பாடங்களிலும் சலுகை உண்டு. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவருக்குத் துணைக்கருவிகளும், பெண் குழந்தைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசு ஊழியரின் மாற்றுத்திறன் குழந்தைக்குக் கல்விப்படி இருமடங்கு. அத்தகைய குழந்தையைப் பேணும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கும் ஆணை 2014இல் வெளிவந்து, 2018இல் விரிவாக்கப்பட்டது. எம் அலுவலகத்திலேயே இதனை அறியாமல், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக மாறிய நண்பர் உண்டு.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்தியதாகும், நாளை பெண் கொடுப்பார் இல்லை, மூத்தவளின் திருமணம் தடைப்படும் என்றெல்லாம் நம்மவர் அஞ்சுகின்றனர். எம் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது; ஓராண்டு வீணாயிற்று. சான்றிதழ் இல்லாவிட்டால் முத்திரை குத்தப்படாமல் இருக்குமோ? முன்னர்க் குத்தப்பட்ட முத்திரையின் பெயர் சோம்பேறி, முட்டாள். அதற்கு எந்த அலுவலகமும் கூடுதல் நேரம் தரவில்லை.

சங்கம் செய்யத் தக்கது

1980களில் யமுனையின் கீழ்க்கரையில் கூட்டுறவு வீடுகள் எழுந்தபொழுது, லோதி காலனியிலிருந்தும் கரோல்பாகிலிருந்தும் ஆர்.கே. புரத்திலிருந்தும் இங்கே வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்களுக்கும் முற்பட்ட தலைமுறையினர், கோடையில் சிம்லாவும் குளிரில் தில்லியுமாக அலுவலகம் இடம் பெயர்ந்த காலத்திலேயே, பிள்ளைகளின் படிப்புக்காகத் தாமே பள்ளி தொடங்கியவர்கள். அதுவே வளர்ந்து தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாயிற்று. சம்பளம் குறைந்த குமாஸ்தாக்களும் அதற்குத் தோள் கொடுத்தனர் என்பதை யாம் பெருமையுடன் நினைக்கின்றோம்.

அத்தகைய வழிவந்த நம் சங்கத்திடம் யாம் பெரிதாக எதுவும் வேண்டவில்லை. மூன்று சிறு செயல்களையே வேண்டுகின்றோம். முதலாவது, மாதம் ஒரு ஞாயிறன்று இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் சங்க அறையில் கூடிப் பேச இடம் தருதல். இரண்டாவது, சோதனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் குடும்பத்தோடு, இந்தியும் தமிழும் நன்கறிந்த ஒருவர் துணை சென்று, வீட்டு மொழி தமிழ் என்பதை எடுத்துக் கூறுதல். மூன்றாவது, ஆண்டு விழாவில் நம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் மேடையில் ஓர் இடம். பரிதாபத்துக்காக அன்று, பிற பிள்ளைகள் ஆடுவதும் பாடுவதும் போலவே.

எம் மகன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் இருக்கின்றான். மெதுவாகப் படிக்கின்றான், விரலை வரியின் கீழ் வைத்துக்கொண்டுதான் படிக்கின்றான். நீண்ட விடைகளைச் சொல்கின்றான், மற்றொருவர் எழுதுகின்றார். முதல் மாணவன் ஆகப்போவதில்லை. ஆக வேண்டும் என்ற ஆசையும் எமக்கு இப்பொழுது இல்லை. சென்ற கோடையில் ஊருக்குப் போகையில், வண்டி நின்ற நிலையமொன்றில் பெயர்ப்பலகையிலிருந்த பெயரை, மனப்பாடத்தினால் அன்றி, எழுத்துக் கூட்டிப் படித்தான். வார்தா என்றான். சரியாகவே இருந்தது. எதிரிலிருந்த பயணியருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. எம் மனைவி சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இக்குழந்தைகள் கற்பதற்கு வழி உண்டு என்பதை நம் பழம்புலவர் காட்டினர். பாரிசும் பாளையங்கோட்டையும் பள்ளியாக்கிக் காட்டின. சட்டமும் நீதிமன்றமும் உரிமையென்று உரைத்தன. எஞ்சியிருப்பது, நம் தெருவில் நம் பக்கத்து வீட்டில் இருக்கும் பிள்ளையை நாம் எவ்வாறு காண்கின்றோம் என்பதே. அதற்கு ஆணை பிறப்பிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது; அது நம் கையில் இருக்கின்றது.

சங்கம் தழைக்க! நம் பிள்ளைகள் அனைவரும் வாழ்க!